செல்லாயி காட்டிய கை

1972 மே மாதம் செல்லாயிக்கு மோட்டார் சைக்கிள் லைசென்ஸ் கிடைத்தது. அப்போது அவளுக்கு வயது முப்பத்தெட்டு. கணவன் மாயாண்டி அதே தேர்வுக்கு ஒரு முறை போய், வண்டியோடு தேர்வாளரின் காலில் ஏறி, அதற்குப் பிறகு அந்தப் பக்கமே போகாதவன். ஆகவே அந்த வீட்டில் முன்சீட்டு யாருக்கு, பின்சீட்டு யாருக்கு என்ற பேச்சு அன்றோடு முடிந்தது.

அதற்கு முன்பு இருவரும் பத்து காஜா என்ற ஊர்ப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு வேலை செய்தார்கள். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றார்கள். வாங்கியவர்களுக்கு நிலம் வேண்டியிருந்தது, ஆட்கள் வேண்டியிருக்கவில்லை. தோட்டத்து லய வீட்டைக் காலி செய்துகொண்டு ஈப்போவுக்கு வந்து புந்தோங்கில் குடியேறினார்கள். மாயாண்டிக்கு ஒரு மர ஆலையில் ஜாகா வேலை கிடைத்தது. இரவெல்லாம் ஆலையைக் காவல் காக்க வேண்டும். அவன் அதைப் படுத்துக்கொண்டே செய்தான். செல்லாயி முறுக்கும் வறுத்த கடலையும் விற்கிற கச்சாங் பூத்தே வியாபாரத்தில் இறங்கினாள்.

புந்தோங்கில் முறுக்கு பிழிகிற வீடுகளுக்கும் கடலை வறுக்கிற வீடுகளுக்கும் பஞ்சமில்லை. செய்ததைக் கடைக்குக் கடை கொண்டுபோய்ப் போடத்தான் ஆள் இல்லை. செல்லாயி பழைய ஹோண்டா ஒன்றை வாங்கினாள். பின்னால் இரண்டு பிஸ்கட் தகரங்களைக் கட்டினாள். லாஹாட், பத்து காஜா, கோப்பெங், கம்பார் என்று கடைகளைப் பிடித்தாள். தீபாவளி வந்தால் தெலுக் இந்தான்வரை போவாள். பக்கத்து வீட்டு மங்களமும் இன்னும் சில பெண்களும் அந்த ஹோண்டாவை நம்பித்தான் விடியற்காலையில் எண்ணெய்ச் சட்டி வைத்தார்கள்.

அடுத்த ஆண்டு தலைக்கவசச் சட்டம் வந்தது. செல்லாயியின் கொண்டை தலைக்கவசத்துக்குள் போகவில்லை. அவள் கொண்டையை இரண்டு அங்குலம் கீழே இறக்கிப் பிடரியில் முடிந்துகொண்டாள். பூ வைக்க இடமில்லாமல் போனது. பூவைத் தலைக்கவசத்தின் வாரில் செருகிக்கொண்டாள். லாஹாட் சாலையில் ஒரு போக்குவரத்துப் போலீஸ்காரர் அவளை நிறுத்தி, வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார். சட்டத்தில் பூவைப் பற்றி எதுவும் இல்லை. போகச் சொல்லிவிட்டார்.

வலது, இடது என்ற சொற்கள் செல்லாயியின் வாயில் வந்ததே இல்லை. தோட்டத்துக்காரர்கள் அநேகம் பேர் அப்படித்தான். சோறு தின்கிற கை சோத்துக்கை. மற்றது பீச்சாங்கை, அது எதற்கு என்று யாரும் விளக்குவதில்லை. கடைக்கு வழி கேட்டால், "கோயில் தாண்டி சோத்துக்கை பக்கம் திரும்பு" என்பாள். ஹோண்டாவின் சிக்னல் விளக்கு நினைத்தால் எரியும், நினைக்காவிட்டால் எரியாது. அதனால் திரும்புவதற்கு முன் எப்போதும் கையை நீட்டுவாள். சோத்துக்கையை நீட்டினால் வேகமும் தானாகக் குறையும், ஏனென்றால் வேகத்தைக் கூட்டும் பிடி அந்தப் பக்கம்தான் இருக்கிறது.

1978 பொங்கல் முடிந்த வாரம், பத்து காஜா சாலையில் ஈயம் தோண்டிய ஒரு பழைய லம்பம் தாண்டி, வலது பக்கச் சந்தில் இருக்கும் கடைக்குத் திரும்பினாள். வேகத்தைக் குறைத்து, சோத்துக்கையை நீட்டித்தான் திரும்பினாள். பின்னால் வந்த வெள்ளை டட்சன் கார் அதே நேரத்தில் அவளை முந்தப் பார்த்தது. ஹோண்டா ஒரு பக்கம், செல்லாயி சாலையோரக் கால்வாயில், முறுக்கு எல்லாப் பக்கமும். கூடிய கூட்டத்தில் பாதிப் பேர் அவளைத் தூக்க வந்தார்கள். மீதிப் பேர் முறுக்கைப் பார்த்துக்கொண்டார்கள்.

காரை ஓட்டி வந்தவர் ஈப்போவில் ஜவுளிக்கடை வைத்திருந்த பழனியப்பன். இறங்கியதும் காரின் முன்பக்கம் போய்க் குனிந்தார்.

"ஐயோ, லைட்டு போச்சே!"

கால்வாயிலிருந்து குரல் வந்தது. "அண்ணே, நானும் இங்கதான் கெடக்கேன்."

தலைக்கவசம் தலையைக் காப்பாற்றியது. வலது முழங்கை உடைந்தது. மருத்துவமனையில் கைக்கு மாவுக்கட்டுப் போட்டு மார்போடு சேர்த்துக் கட்டினார்கள். பார்க்க வந்த மாயாண்டி கட்டிலைச் சுற்றி வந்துவிட்டு மங்களத்திடம் சொன்னான்: "தலைக்கு ஒண்ணும் ஆவல. வாய்க்கும் ஒண்ணும் ஆவல. அதான் கஷ்டம்லா."

மறுநாள் புகார் எழுத ஒரு இளம் கான்ஸ்டபிள் வார்டுக்கு வந்தார். செல்லாயிக்குக் கடைகளில் விலை பேசுகிற அளவுக்கு மலாய் வரும். வலியில் அது வரவில்லை. வார்டில் வேலை பார்த்த காளியம்மா மொழிபெயர்க்க முன்வந்தாள். அப்போது செல்லாயி கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். வலது கை மாவுக்கட்டுக்குள். ஆகவே கரண்டி இடது கையில்.

"ஏ செல்லாயி, திரும்பறப்ப கைய காட்டுனியான்னு கேக்கறாரு."

"காட்டாமயா? சோத்துக்கையத்தான் காட்டுனேன்."

"தாங்ஙான் மாக்கான்," என்றாள் காளியம்மா கான்ஸ்டபிளிடம். சாப்பிடுகிற கை. ஒரு குறையும் சொல்ல முடியாத மொழிபெயர்ப்பு.

கான்ஸ்டபிள் பேனாவை நிறுத்தினார். எந்தக் கை என்று கேட்டார்.

"எந்தக் கைன்னு கேக்கறாரு."

"சோத்துக்கைன்னா எதுன்னுகூடத் தெரியாதா அவருக்கு? இதுதான்!" என்று செல்லாயி கரண்டியால் தன் மாவுக்கட்டைச் சுட்டிக் காட்டினாள்.

அவள் காட்டியது மாவுக்கட்டை. கான்ஸ்டபிள் பார்த்தது கரண்டி பிடித்த கையை. கரண்டியில் கஞ்சியும் இருந்தது. சாப்பிடுகிற கை என்பதற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்? சாப்பிடுகிற கையான இடது கையைக் காட்டிவிட்டு வலது பக்கம் திரும்பியதாக எழுதிக்கொண்டார். செல்லாயி கீழே கைநாட்டு வைத்தாள்.

சில மாதம் கழித்து நீதிமன்றத்திலிருந்து சம்மன் வந்தது. பழனியப்பனுக்கு அல்ல. ஒரு பக்கம் கை காட்டிவிட்டு மறுபக்கம் திரும்பி அபாயகரமாக வண்டி ஓட்டியதாகச் செல்லாயி மீதுதான் வழக்கு. குற்றம் உறுதியானால் லைசென்ஸ் ரத்தாகும்.

"போனா என்னா?" என்றான் மாயாண்டி. "நடந்து போயி விக்கலாம்லா."

"கம்பாருக்கா? தகரத்த நீ தூக்கிட்டு வருவியா?"

மாயாண்டிக்கு அந்த நேரம் பார்த்துத் தூக்கம் வந்துவிட்டது.

மங்களம்தான் வழக்கறிஞர் ஸ்கந்தராஜாவிடம் அழைத்துப் போனாள். ஈப்போவில் பிறந்து, லண்டனில் படித்துத் திரும்பிய யாழ்ப்பாணத் தமிழர். வீட்டுத் தமிழ் கொஞ்சம், புத்தக ஆங்கிலம் நிறைய. கார் வந்த வேகம், சாலையில் பதிந்த டயர் தடம், கால்வாயின் அகலம் என்று எல்லாவற்றையும் படம் போட்டு வைத்திருந்தார். மாவுக்கட்டு பிரித்த பிறகு செல்லாயியின் முழங்கை பாதிக்கு மேல் மடங்கவில்லை. பிடியைப் பிடிக்கும், திருகும், பிரேக் போடும். வாய்வரை மட்டும் வராது. கைக்கும் வாய்க்கும் நடுவில் ஒரு சாண் தூரம் நின்றுவிட்டது. அதனால் இடது கையால் சாப்பிடப் பழகியிருந்தாள்.

அதை அவள் சொல்ல ஆரம்பித்ததும் ஸ்கந்தராஜா கையை உயர்த்தி நிறுத்தினார்.

"அம்மா, முழங்கை வேற கேஸ். அது நட்டஈட்டுக்கு. இந்தக் கோர்ட்டில அதைப்பற்றி வாயே திறக்கக் கூடாது. கை மடங்காதெண்டு தெரிஞ்சா, நீங்க வண்டி ஓட்டவே லாயக்கில்லை எண்டு லைசென்சை வெட்டிப்போடுவினம்."

செல்லாயிக்கு அது நியாயமாகப் பட்டது. முழங்கையைப் பற்றிப் பேசுவதில்லை என்று ஒத்துக்கொண்டாள்.

1979 மார்ச்சில் பத்து காஜாவில் விசாரணை. மேஜிஸ்திரேட் ஒரு மலாய்க்காரர், அதிகம் பேசாதவர். வழக்கை நடத்தியவர் ஒரு போலீஸ் இன்ஸ்பெக்டர். மொழிபெயர்ப்பாளர் இராஜசிங்கமும் யாழ்ப்பாணத் தமிழர், கொளுத்தும் வெயிலிலும் டை கட்டுகிற மனிதர், தமிழில் ஒரு சொல் கொச்சையாக விழுந்தால் முகம் சுளிப்பவர். அன்றைக்கு அவருக்கு நல்ல நாள் இல்லை.

முதலில் பழனியப்பன் கூண்டில் ஏறினார். அந்தப் பெண் இடது கையை நீட்டியதாகவும், இடப்பக்கம் ஒதுங்கப் போகிறாள் என்று நம்பி முந்தியதாகவும் சொன்னார். கான்ஸ்டபிள் தான் எழுதிய புகாரை வாசித்தார். பிறகு செல்லாயி ஏறினாள். எந்தக் கையைக் காட்டினாய் என்று ஸ்கந்தராஜா கேட்டதும் வலது கையை நேராக நீட்டி, "சோத்துக்கை" என்றாள்.

இன்ஸ்பெக்டர் எழுந்தார். அவர் மலாயில் கேட்டதை இராஜசிங்கம் தமிழில் போட்டார்.

"புகாரில சாப்பிடுற கையைக் காட்டினனான் எண்டு சொல்லியிருக்கிறீங்கள். சரியோ?"

"ஆமாங்க."

"இப்ப எந்தக் கையால சாப்பிடுறீங்கள்?"

செல்லாயி ஸ்கந்தராஜாவைப் பார்த்தாள். அவர் தன் டயர் தடப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சத்தியம் செய்துவிட்டுக் கூண்டில் நிற்கிறாள். என்ன செய்ய முடியும்?

"இதுலங்க," என்று இடது கையைத் தூக்கினாள்.

"வலக்கையால சாப்பிடுறதில்லையோ?"

"இல்லீங்க."

"ஒரு நாளும்?"

"இப்பல்லாம் இல்லீங்க."

இன்ஸ்பெக்டர் உட்கார்ந்துவிட்டார். அதற்கு மேல் அவருக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை. பார்வையாளர் பகுதியில் உட்கார்ந்திருந்த மங்களம், "இவ என்னடி வாயால குழி தோண்டி அதுலயே படுக்கறா" என்றாள், கொஞ்சம் உரக்கவே. இராஜசிங்கம் அதை மொழிபெயர்க்கவில்லை. பழனியப்பன் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். மேஜிஸ்திரேட் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, சாப்பாட்டுக்குப் பிறகு தொடரலாம் என்றார்.

நீதிமன்றத்துக்கு எதிரே ஒரு சாப்பாட்டுக் கடை. ஸ்கந்தராஜா வலது கையில் கரண்டியும் இடது கையில் முள்கரண்டியும் பிடித்துச் சோற்றை வெட்டிக்கொண்டிருந்தார்.

"ஏன் அம்மா அப்படிச் சொன்னீங்க? கேஸ் முடிஞ்சுது."

"நீங்கதான் முழங்கைய பத்திப் பேசாதன்னீங்க. எந்தக் கையில திங்கிறன்னு கேட்டா பொய்யா சொல்லச் சொல்றீங்க?"

"சாப்பிடுற கை எண்டு ஏன் முதல்லயே சொன்னீங்க? வலது எண்டு சொல்ல வேண்டியதுதானே?"

செல்லாயி அவருடைய தட்டைப் பார்த்தாள். பிறகு அவருடைய இரண்டு கைகளையும் பார்த்தாள்.

"உங்களுக்கு எப்படிப் புரியும்? உங்க ஊட்டுல சோத்துக்கையே கெடையாதே, ரெண்டும் கரண்டிக் கைதான்."

பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த மாயாண்டி சிரித்தான். ஸ்கந்தராஜா முள்கரண்டியைக் கீழே வைத்தார். பிறகு யாரும் பார்க்காத நேரத்தில் மறுபடி எடுத்துக்கொண்டார். முழங்கையை வெளியே சொன்னால் லைசென்ஸுக்கு ஆபத்து, சொல்லாவிட்டால் இன்றே போகும். இரண்டில் எது என்று அவருக்குத் தெரியவில்லை. கோர்ட் மணி அடிக்கும்வரை தெரியவில்லை.

மதியம் அவர் எழுந்து டயர் தடத்தைப் பற்றி ஆரம்பித்தபோது மேஜிஸ்திரேட் கையைக் காட்டி உட்காரச் சொன்னார். அவரும் சாப்பிட்டுவிட்டு வந்திருந்தார். இராஜசிங்கத்திடம் திரும்பி ஒரு கேள்வி கேட்டார்.

"விபத்துக்கு முந்தி எந்தக் கையால சாப்பிட்டனீங்கள் எண்டு கேக்கிறார்."

செல்லாயி மறுபடி ஸ்கந்தராஜாவைப் பார்த்தாள். அவர் பாதி எழுந்து பாதி உட்கார்ந்த நிலையில் இருந்தார். அதிலிருந்து ஒன்றும் புரியவில்லை. பதில் சொன்னால் முழங்கை வெளியே வந்துவிடும். மங்களத்தின் எண்ணெய்ச் சட்டி, கம்பார் கடைகள், ஹோண்டா எல்லாம் அந்த முழங்கையில்தான் தொங்கிக்கொண்டிருந்தன.

"துவான் ஐயா, கையப் பத்திப் பேசக் கூடாதுன்னு வக்கீல் சொல்லியிருக்காரு. ஆனா நீங்களே கேட்டுட்டீங்க, என்னா பண்றது. முன்னல்லாம் இந்தக் கைதான்." வலது கையைத் தூக்கினாள். வாயை நோக்கிக் கொண்டுபோனாள். பாதி வழியில் கை நின்றுவிட்டது. "இப்ப இதுக்கு மேல வராது. கார்காரர் இடிச்சதுல ஒடஞ்சது."

"இடக்கை?"

"அது பீச்சாங்கைங்க."

இராஜசிங்கம் முகம் சுளித்தார். "இடக்கை," என்று மேஜிஸ்திரேட்டிடம் மலாயில் சொன்னார்.

மேஜிஸ்திரேட் விடவில்லை. இடது கையைப் பற்றித்தான் தான் கேட்டதாகவும், அவள் வேறு ஏதோ சொன்னதாகவும் சொன்னார். சொன்ன சொல்லுக்கு அர்த்தம் வேண்டும்.

இராஜசிங்கம் டையைத் தளர்த்தினார். பல வருடம் கொலை வழக்குகளிலும் கற்பழிப்பு வழக்குகளிலும் கண் இமைக்காமல் மொழிபெயர்த்தவர். சுவரைப் பார்த்துக்கொண்டு, "கழுவுகிற கை, துவான்" என்றார் மலாயில். கொஞ்சம் யோசித்துவிட்டு, "பாத்திரம் அல்ல" என்றும் சேர்த்தார்.

கான்ஸ்டபிள் குனிந்து ஷூவின் கயிற்றைக் கட்ட ஆரம்பித்தார். இன்ஸ்பெக்டருக்கு இருமல் வந்தது. மேஜிஸ்திரேட் சிரிக்கவில்லை. தன் வலது கையை மேசைமேல் வைத்து ஒரு முறை பார்த்தார். அவர் வீட்டிலும் அந்தக் கைக்கு அதே வேலைதான், மற்றதற்கு மற்ற வேலைதான். அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"இப்போது இரண்டுக்கும்?" என்று கேட்டார்.

"ரெண்டுக்கும் ஒரே கைதான் துவான். சோப்பு போட்டுத்தான் கழுவுறேன். ஆனாலும் இந்த ஆளு என் கையால சோறு வாங்க மாட்டேங்குறாரு." பார்வையாளர் பகுதியில் இருந்த மாயாண்டியைச் சுட்டினாள். மாயாண்டி மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மேஜிஸ்திரேட் கான்ஸ்டபிளை மறுபடி கூண்டுக்குக் கூப்பிட்டார். புகார் எழுதியபோது இந்தப் பெண்ணின் இடது கையில் என்ன இருந்தது? கரண்டி, துவான். வலது கையில்? மாவுக்கட்டு, துவான். கையைத் தூக்கிக் காட்டினாளா, எதையாவது சுட்டிக் காட்டினாளா? கான்ஸ்டபிள் தான் எழுதிய புகாரைப் புரட்டிப் பார்த்தார். சுட்டிக் காட்டியிருக்கலாம், துவான்.

அடுத்து, விபத்தன்று பழனியப்பன் கொடுத்த புகாரை எடுத்துவரச் சொன்னார் மேஜிஸ்திரேட். அந்தப் பெண் எந்தக் கையையும் காட்டவே இல்லை என்று அதில் இருந்தது. காலையில் இடது கை என்று சொன்னவர் இப்போது தன் இரண்டு கைகளையும் மடியில் மறைத்துக்கொண்டார். செல்லாயி விடுவிக்கப்பட்டாள்.

ஸ்கந்தராஜா கை கொடுக்க எழுவதற்குள் இன்ஸ்பெக்டர் எழுந்தார். கை மடங்காத ஒருவர் சாலையில் வண்டி ஓட்டலாமா என்று மரியாதையாகக் கேட்டார். அந்தக் கேள்வி இந்த வழக்கில் இல்லை, வேண்டுமானால் மருத்துவரிடம் அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டு மேஜிஸ்திரேட் எழுந்து போய்விட்டார்.

அனுப்பினார்கள். மருத்துவர் ஹோண்டாவையே மருத்துவமனை வாசலுக்குக் கொண்டுவரச் சொன்னார். பிடியைத் திருகச் சொன்னார், பிரேக் போடச் சொன்னார், சிக்னல் காட்டச் சொன்னார். செல்லாயிக்கு மடக்குவதில்தான் தகராறு, நீட்டுவதில் ஒன்றுமில்லை. மருத்துவர் தகுதிச் சான்றில் கையெழுத்துப் போட்டார்.

ஜூன் மாதம் கவனக்குறைவாக ஓட்டியதாகப் பழனியப்பன் மீது வழக்குப் பதிவானது. நடத்தப்போவது அதே இன்ஸ்பெக்டர். அரசுத் தரப்பின் முதல் சாட்சி செல்லாயி. விசாரணைக்கு முன் இன்ஸ்பெக்டர் அவளைக் கூப்பிட்டு, இந்தத் தடவை வலதுக்குக் கானான், இடதுக்குக் கிரி என்று மலாயில் மட்டும் சொன்னால் போதும், சோற்றைப் பற்றி எதுவும் பேச வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

"பாக்கலாம் துவான்," என்றாள்.

ஆகஸ்டில் விசாரணை வந்தது. அன்று காலை லாஹாட் கடைகளில் சரக்கைப் போட்டுவிட்டு, செல்லாயி ஹோண்டாவில் பத்து காஜாவுக்குச் சாட்சி சொல்லப் போனாள். நீதிமன்ற வாசலில் திரும்புவதற்கு முன் சோத்துக்கையை நீட்டினாள்.